கைமாற்றாகக் கொடுத்த ஒரு பேர்

சம்பள நாள் பத்தாம் திகதி. எல்கடுவைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளான மூன்றாம் நம்பர் லயத்தில், அன்றைக்குப் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு, சவரியம்மாவின் ஒற்றையறைக் காம்பராவுக்கு முன்னால் கால் வைக்க இடமிருக்காது. கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்த பெண்கள், செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை இன்னும் கீழே வைக்காத ஆண்கள், எல்லார் கையிலும் ஒரு துண்டு. நாலு விரல் அகலம், ஒரு சாண் நீளம். முழுக்க இங்கிலீசு, முழுக்க எண்.

சவரியம்மாவுக்கு இங்கிலீசு தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் சம்பளத் துண்டை அவளைப் போல வாசிக்க ஆபீஸில்கூட ஆள் இல்லை என்று லயத்தில் சொல்வார்கள். கிளாக்கர் ஐயாவின் காதில் விழாமல் சொல்வார்கள்.

"அக்கா, இந்த மாசம் எனக்கு முந்நூறு குறையுது. எந்த எலி தின்னுச்சுன்னு பாருங்க" என்று துண்டை நீட்டுவாள் வேலம்மா.

சவரியம்மா அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழே ஒரு தடவை விரலை ஓட்டுவாள். "எலி இல்ல. தீவாளி அட்வான்ஸ். சேலை எடுத்தியே, அது."

"சேலையே கிழிஞ்சு போச்சு. அட்வான்ஸ் இன்னும் கிழியலையா?"

"அது இன்னும் மூணு மாசம் உழைக்கும்."

கூட்டம் சிரிக்கும். வேலம்மா விடமாட்டாள். டவுனில் பேங்கில் வேலை செய்யும் அவளுடைய அண்ணன் மகனுக்குச் சம்பளத்தில் வரி பிடிக்கிறார்களாம். தன் துண்டில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று கேட்பாள்.

"நமக்கு வரி இல்ல. வரி புடிக்கிற அளவுக்கு என்னைக்குக் குடுத்தாங்க?"

"அப்ப இந்த எட்டு வீதம்?"

"அது ஒன்னோட சேமலாபம்டி. நீ எட்டுப் போடுற, தோட்டம் பன்னெண்டு போடுது. கெழவியாகும்போது கைக்கு வரும்."

"கெழவியாகிட்டேனேக்கா!"

"இன்னும் ரெண்டு வருசம் குமரியா இரு."

இந்த வாசிப்பை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. 1984இல் அவளுடைய புருஷன் கபிரியேல் மரம் விழுந்து செத்தான். கையில் இரண்டு வயது நோபர்ட். அடக்கம் முடிந்த மறுநாள் ஆபீஸில் கூப்பிட்டுக் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். எதற்கு என்று கேட்டாள். "ஒம் புருசன் சம்பளத்துல ஏழு வருசமா செத்த வீட்டு நிதிக்குப் புடிச்சிருக்கோமே, தெரியாதா?" என்றார் அப்போதிருந்த கிளாக்கர்.

தெரியாது. கபிரியேலுக்கும் தெரிந்திருக்காது. தன்னுடைய சாவுக்கு மாதாமாதம் கட்டியது தெரியாமலே அந்த மனிதன் போய்விட்டான். அது அவளை உறுத்தியது.

வீட்டுக்கு வந்து, சுவர் இடுக்கில் செருகியிருந்த பழைய துண்டுகளை எல்லாம் எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். எந்த எண் மாதாமாதம் மாறாமல் நிற்கிறது? அது சங்கச் சந்தா. எது மாவும் அரிசியும் வாங்கிய மாதத்தில் மட்டும் பெருக்கிறது? அது கடை. எது கூலி உயரும்போது தானும் உயர்கிறது? அது சேமலாபம். முதலில் சேமலாப அங்கத்துவ நம்பரையே பணம் என்று எண்ணி, தனக்குப் பதினாலாயிரம் ரூபாய் சேர்ந்துவிட்டதென்று இரண்டு நாள் சந்தோஷப்பட்டாள். பிறகு தெளிந்தது. இரண்டு மாதத்தில் துண்டு முழுவதும் வசப்பட்டுவிட்டது. கோயில் பணம் என்று மாரியம்மன் திருவிழாவுக்கும் மாதா கோயிலுக்கும் சேர்த்து அவளிடம் இரண்டு தடவை பிடித்ததைக் கண்டுபிடித்து, ஆபீஸுக்குப் போய் நின்று, ஒன்றைத் திருப்பி வாங்கினாள். அன்றிலிருந்து பத்தாம் திகதிகளில் அவள் வாசலில் கூட்டம்.

சில வருடங்களுக்கு முன் துண்டில் புதிதாக ஒரு கட்டம் முளைத்தது. வருகைப் பணம். மாதத்தில் தோட்டம் எத்தனை நாள் வேலை கொடுக்கிறதோ, அதில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வந்திருக்க வேண்டும். இருபத்தைந்து நாள் வேலை இருந்தால் பத்தொன்பது நாள். அப்படி வந்தவர்களுக்கு, வந்த ஒவ்வொரு நாளுக்கும் எழுபது ரூபாய் மேலதிகம். பதினெட்டோடு நின்றால் ஒரு சதமும் இல்லை. பிள்ளைக்கு ஒரு நாள் காய்ச்சல் என்றால் ஆயிரத்து முந்நூறு ரூபாய் போய்விடும்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு "ஒரு பேர்" என்று சொல்வார்கள். முழுப் பேர் விழுந்தது, அரைப் பேர்தான் போட்டார்கள் என்பதெல்லாம் அன்றாடப் பேச்சு. அந்தப் பேரையே கைமாற்றாகக் கொடுத்து வாங்கலாம் என்று கண்டுபிடித்தவள் சவரியம்மாதான். இருபத்திரண்டு நாள் வந்தவனுக்கு மூன்று மிச்சம். பதினெட்டில் நிற்பவனுக்கு ஒன்று குறை. மிச்சக்காரன் ஒரு நாள் குறைக்காரனுக்காக மலையில் இறங்கி வேலை செய்வான். கங்காணி தன் புத்தகத்தில் குறைக்காரனின் பேரைப் போடுவார். அது அப்படியே ஆபீஸின் சம்பளப் பதிவான செக்ரோலுக்குப் போகும். இன்னொரு மாதம் மற்றவன் ஒரு நாளைத் திருப்பிக் கொடுப்பான். வட்டி இல்லை. தோட்டத்துக்கும் நட்டமில்லை, வெட்டிய செடி வெட்டியதுதான். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. சவரியம்மாவின் தலைக்குள் இருந்தது.

கங்காணி ரபாயேல் இதற்குச் சம்மதித்ததற்குக் காரணம் இருந்தது. அவர் நோபர்ட்டின் ஞானத்தகப்பன். சவரியம்மா சொன்னால் மறுக்கமாட்டார்.

2008ஆம் ஆண்டின் நடுப்பகுதி. ஒரு மாதக் கடைசி. வியாழக்கிழமை பின்னேரம் பக்கத்துக் காம்பரா அழகம்மா வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரர் பதினெட்டுல நிக்கிறாரு. நெஞ்சு வலின்னு முந்தாநேத்து மாத்தளை ஆஸ்பத்திரில போட்டுட்டாங்க. நாளைக்கு மாசம் முடியுது."

நோபர்ட் வாசலில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். இருபத்தாறு வயது. இரண்டு வருடம் வத்தளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நின்றுவிட்டு, அம்மா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டபோது திரும்பி வந்து தோட்டத்தில் பேர் பதிந்தவன்.

"டேய், நாளையோட ஒனக்கு இருபத்திரண்டு. நாளைய பேரைச் செல்லச்சாமி மாமாவுக்குக் குடு" என்றாள் சவரியம்மா.

"குடுத்துட்டாப் போச்சு." அவன் கத்தியின் விளிம்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்தான். "ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே கவ்வாத்து வெட்டுன மனுசன்னு மாமாவைப் பத்திப் பேப்பர்ல போடுவாங்க."

"போடட்டும்யா" என்றாள் அழகம்மா. "அப்புடியாவது பேப்பர்ல வரட்டும் அந்த மனுசன்."

மூவரும் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நோபர்ட் ஐந்தாம் மலையில் இறங்கினான். பின்னேரம் வரை வெட்டினான். ரபாயேல் தன் புத்தகத்தில் செல்லச்சாமிக்கு ஒரு பேர் போட்டார். அதே காலையில், மலைநாட்டிலிருந்து வெகு தூரத்தில், ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது.

செவ்வாய்க்கிழமை நோபர்ட் அம்மாவின் மருந்து வாங்க மாத்தளைக்குப் போனான். பஸ் ஸ்டாண்டில் பிடித்தார்கள். எல்கடுவை பஸ் கண்டக்டர்தான் வந்து சொன்னான். நோபர்ட்டின் கைத்தொலைபேசியில் ஒரு நம்பர் இருந்ததாம். வத்தளையில் அவனோடு ஒரே அறையில் இருந்த பையனுடைய நம்பர். குண்டு விஷயத்தில் அந்தப் பையனை ஏற்கெனவே பிடித்திருந்தார்கள்.

விசாரணைக்காரர்கள் இருந்த கட்டிடத்தின் முன் சவரியம்மா இரண்டு நாள் நின்றாள். மூன்றாம் நாள் உள்ளே விட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்கு அவளுடைய வயதுதான் இருக்கும். அவர் சிங்களத்தில் பேசினார். சந்தைச் சிங்களம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"அம்மே, வெள்ளிக்கிழமை தோட்டத்தில் வேலை செய்தேன் என்கிறான் உங்கள் மகன். தோட்ட ஆபீஸுக்கு டெலிபோன் எடுத்துக் கேட்டோம். புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள், அன்று அவன் வரவில்லை. அந்த வாரம் மற்ற எல்லா நாளும் வந்திருக்கிறான், அந்த ஒரு நாள் மட்டும் இல்லை. எங்கே போனான் என்று கேட்டால் மூன்று நாளாக அதே பொய்யைச் சொல்கிறான்."

 சொல்ல வேண்டியது சவரியம்மாவின் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் ரபாயேல் அண்ணனின் வேலை போகும். ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுத்தான் வீட்டுக்கு வந்த செல்லச்சாமியையும் இழுப்பார்கள். முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம். பத்தாம் திகதி துண்டு வந்துவிடும். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் யாரும் மறுக்கமாட்டார்கள். இருபத்துநாலு வருடம் அவளை ஏமாற்றாத காகிதம் அது.

"பேப்பர் கொண்டாறேன் மாத்தியா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அந்த நிமிடத்தைப் பின்னால் அவள் எத்தனையோ தடவை திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்த்தாள்.

பத்தாம் திகதி மகனுடைய துண்டை வாங்கிக்கொண்டு அவள் நேரே டவுனுக்குப் போனாள். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், ஒரு பெரிய குடையின் கீழ், டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு ஸக்கரியா உட்கார்ந்திருப்பார். மூன்று பாஷையிலும் பெட்டிசம், மனு என்று அடித்துக் கொடுப்பவர். அவர் துண்டை மூக்குக் கண்ணாடிக்கு நெருக்கமாகப் பிடித்துப் பார்த்தார்.

"வேலை நாள் எண்டு இருபத்தொண்ணு போட்டிருக்கு."

"ஆமா நானா. இருபத்திரண்டு இருக்கணும்."

"அது நீங்க சொல்றது தங்கச்சி. கடதாசி சொல்லலையே."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஸக்கரியா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருடைய வாடிக்கைக்காரர் இரண்டு பேர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"இதை அண்டைக்கே அந்த மாத்தியாக்கிட்ட சொல்லியிருந்தா..."

"பயந்துட்டேன் நானா."

"சரி. இப்ப மூணு வேணும். அந்தச் செல்லச்சாமி வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில படுத்திருந்ததுக்கு அவங்க எழுதிக் குடுத்த டிக்கட். அதே வெள்ளிக்கிழமை அவர் வேலை செஞ்சதாச் சொல்ற செக்ரோல் கொப்பி. அவர் பேர்ல வேலை செஞ்சது ஒங்க மகன்தான் எண்டு கங்காணியோட வாக்குமூலம். மொத ரெண்டும் கடதாசி, கெடைக்கும். மூணாவது மனுசன்."

செல்லச்சாமி கட்டிலில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கேட்டு முடிக்கும் முன்பே தலையணைக்குக் கீழிருந்து டிக்கட்டை எடுத்து நீட்டினார். "கொண்டு போங்க தங்கச்சி. எனக்காகத்தான் வெட்டுனான்னு எந்தக் கோட்டுலயும் சொல்லுவேன்."

"வருகைப் பணத்தைத் திருப்பிப் புடிப்பாங்களே, அழகம்மா" என்றாள் சவரியம்மா.

"புடிக்கட்டும்க்கா. சோத்துல கொஞ்சம் தண்ணி கூட ஊத்திக்கிறோம்."

ரபாயேல் கங்காணி அப்படிச் சொல்லவில்லை. கொய்யா மரத்தடியில் பல்லைக் குத்திக்கொண்டு நின்றவர், குச்சியை எறிந்துவிட்டு அப்படியே நின்றார்.

"தங்கச்சி, எனக்கு இன்னும் இருபது மாசம் இருக்கு. முப்பத்தொரு வருசமாப் புத்தகம் புடிச்சவன். அதுல நான் எழுதுனது பொய்யின்னு நானே போய்ச் சொல்லணுமா?"

"ஆமா அண்ணே."

"வேற வழி இல்லையா?"

"இருந்தா ஒங்ககிட்ட வருவேனா? ஞானஸ்நானத் தண்ணி ஊத்தும்போது நீங்க ஏந்திக்கிட்டு நின்ன புள்ள அவன்."

 அடுத்த ஞாயிறு ரபாயேல் பூசைக்கு வந்து கோயிலின் கடைசி வாங்கில் உட்கார்ந்துவிட்டு, நற்கருணை வாங்காமல் எழுந்து போனார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போது நோபர்ட்டின் பேர் வரும் இடத்தில் அவருடைய குரல் ஒரு கணம் நின்று, பிறகு தாண்டிப் போகும். சவரியம்மா அவரை மறுபடி கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. மூன்றாவது ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அவளுக்காக நின்றார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"நாளைக்குக் காலைல போவோம்" என்றார்.

இந்தத் தடவை வேறொரு அதிகாரி. சின்ன வயது. ஆஸ்பத்திரி டிக்கட்டை வாசித்தார். கிளாக்கர் ஐயா மனமிரங்கி எடுத்துக் கொடுத்த செக்ரோல் கொப்பியை வாசித்தார். ஸக்கரியா சிங்களத்தில் அடித்த கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். ரபாயேலுக்குக் கதிரை கொடுத்தார். அதுவே சவரியம்மாவுக்குப் பெரிய நம்பிக்கையாக இருந்தது.

"ஆகவே, வராதவன் வந்ததாக நீர் எழுதினீர்."

"ஆமா மாத்தியா."

"அந்த ஒரு நாள் மட்டுமா?"

ரபாயேல் பொய் சொல்லியிருக்கலாம். பூசைக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்த மனிதர். "இல்ல மாத்தியா. அப்பப்ப" என்றார்.

"எத்தனை தடவை?"

ரபாயேல் திரும்பிச் சவரியம்மாவைப் பார்த்தார். அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அறுபத்து மூன்று. யாருக்கு, எந்த மாதம், எதற்காக என்று ஒவ்வொன்றும் தெரியும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதிகாரி கோபப்படவில்லை. கொப்பியை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "அப்படியென்றால் இந்தப் புத்தகத்தில் எந்த நாள் மெய், எந்த நாள் பொய் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? நீர் அந்தப் பையனின் ஞானத்தகப்பன் என்று இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. அவனுக்காக இன்றைக்கு இன்னொன்றைச் சொல்லமாட்டீர் என்று என்ன நிச்சயம்?"

பிறகு, அவளைப் பார்த்து, கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்: "அதோடு, அம்மே, அவன் இப்போது இங்கே இல்லை. போன வாரம் தெற்கே அனுப்பிவிட்டார்கள். தடுப்பு உத்தரவு வந்துவிட்டது. அதற்கு முன்னால் வந்திருந்தால் நான் யாரிடமாவது பேசிப் பார்த்திருக்கலாம்."

திரும்பும் பஸ்ஸில் இருவரும் வேறு வேறு இருக்கையில் இருந்தார்கள்.

விசாரணைக்காரர்கள் தோட்டத்துக்குக் கடிதம் எழுதினார்கள். தோட்டத்தை நடத்தும் துரை, ரபாயேலிடமிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டார். மிச்ச மாதங்களை அவர் புல்வெட்டும் கும்பலில் ஓர் ஆளாகக் கழித்தார். செல்லச்சாமியின் வருகைப் பணம் பிடிக்கப்பட்டது. பெரட்டில் பேர் கூப்பிடுவது போதாதென்று, மலையில் காலையும் பின்னேரமும் ஒவ்வொருவரும் கைநாட்டு வைக்க வேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. வராதவனுக்கு இனி யாரும் பேர் கொடுக்க முடியாது. அந்த மாதமே லயத்தில் ஏழு பேருக்கு வருகைப் பணம் தவறியது.

யாரும் சவரியம்மாவை ஏசவில்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம். பத்தாம் திகதிகளில் வாசலில் கூட்டம் மெல்ல மெல்லக் குறைந்தது. வேலம்மாகூடத் துண்டைத் தன் மகளிடம் காட்டத் தொடங்கினாள். "பிள்ளை பத்தாவது படிக்குதுக்கா, அதுக்கும் பழகணும்ல" என்று ஒருநாள் தானாகவே காரணம் சொன்னாள். சவரியம்மா கேட்டிருக்கவில்லை.

ஒரு துண்டை மட்டும் அவள் விடாமல் வாசித்தாள். ஸக்கரியாவைக் கொண்டு துரைக்கு ஒரு பெட்டிசம் அடிப்பித்திருந்தாள்: என் மகன் வேலையை விட்டு ஓடவில்லை, அரசாங்கம் பிடித்து வைத்திருக்கிறது, அவன் பேரைச் செக்ரோலில் இருந்து வெட்ட வேண்டாம். துரை வெட்டவில்லை. அதனால் ஒவ்வொரு மாதமும் நோபர்ட்டுக்கு ஒரு துண்டு வந்தது. வேலை நாள் சைபர். கூலி சைபர். வருகைப் பணம் சைபர். கீழே, முந்திய வருடம் வாங்கிய நத்தார்ப் பண்டிகை அட்வான்ஸின் பாக்கி மட்டும் அப்படியே நின்றது.

"வெறும் துண்டு எதுக்கும்மா, வச்சிட்டுப் போங்களேன்" என்றார் கிளாக்கர் ஐயா.

"பேர் இருக்குல்ல ஐயா" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தெற்கே இருந்த தடுப்பு முகாமில் அவனைப் பார்க்க விடுவார்கள். மூன்று பஸ் மாறி, ஒரு பகல் முழுவதும் போய், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பத்து நிமிடம். போகும்போதெல்லாம் அந்த மாதத் துண்டைக் கொண்டு போவாள். வலையில் அழுத்திப் பிடித்துக் காட்டுவாள். "பாரு, ஒம் பேர வெட்டல."

அவன் மெலிந்திருந்தான். வலது கையை மடியிலேயே வைத்திருந்தான். கேட்டால், விழுந்துவிட்டேன் என்றான். 2009 பெப்ரவரியில் போனபோது துண்டைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "முழுக்கச் சைபர். செல்லச்சாமி மாமா ஒண்ணு பாக்கி வச்சிருக்காருல்ல, இன்னும் குடுக்கலையா?"

செல்லச்சாமியை அடக்கம் செய்து பத்து நாள் ஆகியிருந்தது.

"குடுப்பாருடா" என்றாள் அவள். "நீ வா மொதல்ல."

மே மாதம் சண்டை முடிந்தது என்றார்கள். டவுனில் பட்டாசு வெடித்தார்கள், பால்சோறு கொடுத்தார்கள். அவளுக்கும் ஒரு துண்டு வாழையிலையில் வைத்து நீட்டினார்கள். மறுக்கப் பயந்து வாங்கிச் சாப்பிட்டாள். சண்டை முடிந்தால் பிள்ளைகளை விட்டுவிடுவார்கள் என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள். ஜூனில் விடவில்லை. ஜூலையில் விடவில்லை. ஒக்டோபரில், பதினாறு மாதத்துக்குப் பிறகு, ஒரு நீதிமன்றத்தில் நிறுத்தி, இவருக்கு எதிராக ஒன்றும் இல்லை என்று நாலு வரியில் சொல்லி விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரி டிக்கட், செக்ரோல் கொப்பி, ரபாயேலின் வாக்குமூலம் எல்லாம் ஸக்கரியாவின் பைக்குள் தயாராக இருந்தன. அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நோபர்ட் வீட்டுக்கு வந்தான். அம்மா ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். நீ சொல்லித்தானே அன்றைக்குப் பேரைக் கொடுத்தேன் என்று அவன் ஒரு தடவை கத்தியிருந்தால், அவள் காலில்கூட விழுந்திருப்பாள். அவன் கத்தவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டான். பெரிய சத்தம் கேட்டால் எழுந்து சுவரோரம் போய் நின்றான். ரபாயேல் வந்து பார்த்தபோது எழுந்து, "ஸ்தோத்திரம் ஞானத்தப்பா" என்று கும்பிட்டான். வலது கை இடது கையின் உயரத்துக்கு வரவில்லை. ரபாயேல் அதைப் பார்த்துவிட்டு, வந்த வேலையைச் சொல்லாமலே போய்விட்டார்.

தோளுக்கு மேலே கை எழாதவனுக்குக் கவ்வாத்து இல்லை. நவம்பரில் புல்வெட்டும் கும்பலில் போட்டார்கள். வலி எடுக்கும் நாளில் படுத்துவிடுவான். மாதக் கடைசியில், கடைசி வேலை நாளுக்கு முந்திய பின்னேரம், அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நாளைக்கு எழமாட்டான் என்பது சவரியம்மாவுக்குத் தெரியும். எண்ணிக்கையும் தெரியும். பதினெட்டு.

அழகம்மா வாசலில் வந்து நின்றாள். வெள்ளைச் சேலை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, எனக்கு இருபத்தொண்ணு ஆயிருச்சு. எங்க வீட்டுக்காரர் வாங்குனதைத் திருப்பிக் குடுக்காமப் போயிட்டாரு. நான் குடுக்கணும்ல?"

"இப்ப முடியாது அழகம்மா. கைநாட்டு இருக்கு."

"தெரியும்க்கா. தெரிஞ்சுதான் வந்தேன். வராம இருக்க முடியல."

 அழகம்மா தன் காம்பராவுக்குப் போனாள்.

டிசம்பர் பத்தாம் திகதி. பின்னேரம் ஐந்து மணி. வாசலில் யாரும் இல்லை. மலையிலிருந்து இறங்கிய பனி லயத்தின் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. நோபர்ட் ஆபீஸிலிருந்து வந்து, நாலாக மடித்த துண்டை இடது கையால் நீட்டினான்.

"வாசிம்மா."

அவள் அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து தொடங்கினாள். மற்றவர்களுக்கு வாசித்ததைப் போலவே ஒவ்வொரு கட்டமாக. "வேலை நாள் பதினெட்டு. கூலி இருக்கு. வருகைப் பணம்..." விரல் நின்றது. புது ஒப்பந்தத்தில் அது ஒரு நாளுக்குத் தொண்ணூறு ரூபாய் ஆகியிருந்தது. கட்டம் வெறுமையாக இருந்தது.

"எத்தனை குறையுது?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா" என்றான் நோபர்ட்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் வாசல்படியில், முன்பு கத்தி தீட்டும் அதே இடத்தில், உட்கார்ந்துகொண்டான்.

"மிச்சத்தையும் வாசி" என்றான்.

அவள் வாசித்தாள். "சங்கம். சேமலாபம். கோயில். செத்த வீடு. அட்வான்ஸ் பாக்கி."